மூர்த்தியிடம் எந்தப் பாஷையில் பேசுவது

அம்சவேணிக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது. கையில் இருக்கும் சுளகு பேசும். ரங்கூனில் அலோன் படகுத்துறைக்குப் பின்னால் இருந்த பயறுக் கிட்டங்கியில் அவளோடு புடைக்கிற பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். உளுந்து மெல்ல எழும்பி மெல்ல விழுந்தால் அன்றைக்கு வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. சட்சட்டென்று அறைகிற மாதிரி விழுந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ராமலெட்சுமி தலையைத் திருப்பாமலே கேட்பாள்.

"யாருக்குடி விழுது அடி? புருஷனுக்கா, புருஷனோட அண்ணனுக்கா?"

"ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்."

"அப்ப நல்லாப் போடு. உளுந்தாவது சுத்தமாகும்."

இரண்டாயிரத்து நான்கிலும் ஐந்திலும் அந்தச் சுளகு அறைந்துகொண்டேதான் இருந்தது.

அவள் பிறந்தது ஆற்றுக்கு அக்கரையில், சவுத்தான் பக்கம், சனங்கள் தமிழிலேயே விதைத்துத் தமிழிலேயே அறுக்கும் ஓர் ஊரில். பர்மிய மொழி அவளுக்குச் சந்தையோடு சரி. விலை கேட்பாள், குறைக்கச் சொல்வாள், குறைக்காவிட்டால் திட்டுவாள். அதற்குமேல் அந்த மொழியில் அவளுக்குப் போக்கிடம் இல்லை. கல்யாணமாகி அலோனுக்கு வந்தாள். புருஷன் வடிவேல் படகுத்துறையில் மூட்டை இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. அவன் பர்மியம் பேசுவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாரும் அவனைத் தமிழன் என்று சொல்லமாட்டார்கள். அந்தப் பேச்சு அவனுக்குச் சும்மா வரவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அவன் வாயைத் திறந்தபோதெல்லாம் பின்பெஞ்சிலிருந்து "கலா, கலா" என்று கத்துவார்களாம். இந்தியர்களைக் குத்திக் காட்டும் சொல் அது. குத்தக் குத்த அவன் நாக்கைத் தீட்டிக்கொண்டான். தமிழ் அவனுக்குள் இருந்தது. ஆனால் வெளியில் எடுக்கக் கூசினான்.

ரங்கூன் தமிழ்ப் பிள்ளைகளில் பலருக்கு இரண்டு பேர் உண்டு. ஒன்று வீட்டுக்கு, ஒன்று காகிதத்துக்கு. அம்சவேணியின் மகனுக்கு வீட்டுப் பேர் விநாயகமூர்த்தி. காகிதத்தில் வின் நைங். வின் நைங் என்று அவனை ஒருவரும் கூப்பிட்டதில்லை. அது அட்டைகளில் மட்டும் குடியிருந்த பேர்.

மூர்த்தி தவழும் வயதிலிருந்தே தாயோடு கிட்டங்கிக்கு வந்தான். அவள் புடைக்கும்போது சுளகின் நுனியில் சேரும் உமியை ஊதித் தள்ளுவாள். ஊதும்போதெல்லாம் அவனைப் பார்த்துச் சொல்வாள்.

"ஊ...! பறந்துபோச்சு! உமி பறந்துபோச்சு! தூசி பறந்துபோச்சு!"

அவன் கெக்கலித்துச் சிரிப்பான். ஒன்றரை வயதில் ஒருநாள், உமி பறப்பதைப் பார்த்து "பந்துச்சு" என்றான். கிட்டங்கிப் பெண்கள் எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு "பாலு" வந்தது. அம்மா என்று அவன் சொன்னதில்லை. அதைப் பற்றி அவள் அப்போது நினைக்கவுமில்லை. நாளைக்குச் சொல்வான் என்று இருந்துவிட்டாள்.

இரண்டு வயதைத் தாண்டியபோது மற்றப் பிள்ளைகள் வாயாடத் தொடங்கினார்கள். மூர்த்தி உளுந்தைத் தரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை வைத்தான். யாராவது ஒன்றை நகர்த்தினால் தலையைத் தரையில் மோதினான். தண்ணீர் வேண்டுமென்றால் கேட்கமாட்டான், கையை நீட்டிக் காட்டவும் மாட்டான். தாயின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் பானை மேல் வைப்பான், அவள் கை ஏதோ அகப்பை மாதிரி. முகத்தைப் பார்த்தால் பார்வை நழுவி ஓடிவிடும். சொன்ன இரண்டு சொல்லும் எப்போதாவதுதான் வந்தன.

வடிவேல் லீவு போட்டுவிட்டு, லத்தா வட்டாரத்தில் மருந்துக் கடைகளுக்கு மேலே இருந்த ஒரு காது டாக்டரிடம் இருவரையும் அழைத்துப்போனான். டாக்டர் அட்டையைப் பார்த்தார். பையனுக்குப் பின்னால் போய் நின்றார்.

"வின் நைங்! மாங் வின் நைங்!"

மூர்த்தி கீழே உட்கார்ந்து நாற்காலிச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். டாக்டர் கையைத் தட்டினார். சக்கரம் சுற்றியது.

"காது கேட்கவில்லை" என்றார் டாக்டர்.

அம்சவேணி தன் சந்தைப் பர்மியத்தில் சொன்னாள்: "இவன் பேரு மூர்த்தி, ஸயா. ரஸ்க் பாக்கெட்டு பிரிச்சா ஓடி வரும்."

வடிவேல் அவள் கையை அழுத்தினான். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மூர்த்தி என்று கூப்பிட்டிருந்தாலும் அவன் திரும்பியிருக்கமாட்டான். அது அவளுக்கும் தெரியும். ஆனால் கூப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டாமா? பிள்ளைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பேரைச் சொல்லிக் கத்திவிட்டு, செவிடு என்று எழுத ஒரு மனுஷனுக்குக் கை எப்படி வருகிறது? படியிறங்கும்போது அவள் இதைத்தான் கேட்டாள். வடிவேல், "டாக்டருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுமா?" என்றான்.

வடிவேலின் அண்ணன் ரெங்கசாமி கோயில் கமிட்டியில் இருந்தார். வீட்டில் எதைச் செய்தாலும் அவரிடம் ஒரு சொல் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் வந்து சொல்லிவிடுவார்.

"வெள்ளியில ஒரு நாக்கு செஞ்சு ஆத்தாவுக்குக் காணிக்கை போடு. தீமிதி அன்னைக்கிக் கொண்டாந்து சன்னதியில நிறுத்து. சொடக்குப் போடுறதுக்குள்ள பேசுவான்."

வெள்ளி நாக்கு செய்தார்கள். அம்சவேணி அதை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு மகனோடு சன்னதியில் நின்றாள். மேளம் தொடங்கியது. முதல் அடியிலேயே மூர்த்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத ஓர் அலறல் அலறினான். தன் மணிக்கட்டைத் தானே கடித்தான். ரத்தம் வந்தது. கூட்டம் விலகி இடம் விட்டது. "காத்து கருப்பு ஏதோ..." என்று ஒருத்தி சொன்னாள். ரெங்கசாமி கையை உயர்த்தி, "ஆத்தா எறங்கிட்டா! யாரும் தொடாதீங்க!" என்றார்.

அம்சவேணி பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தாவும் எறங்கல, ஒண்ணும் எறங்கல, பெரியத்தான். மேளத்த நிறுத்தச் சொல்லுங்க. செவிடுன்னு எழுதிக் குடுத்தாரே அந்த டாக்டர், அவரக் கூட்டிட்டு வந்து இங்க நிறுத்துங்க. செவிடன் எதுக்குக் காதப் பொத்துறான்?"

கோயிலில் ஒரு பெண் கமிட்டிக்காரரை எதிர்த்துப் பேசிவிட்டாள் என்பதுதான் ஒரு மாதத்துக்குப் பேச்சாக இருந்தது. பிள்ளையின் கையில் பல் பதிந்த காயத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு ஒரு குழந்தை டாக்டரிடம் போனார்கள். வயதானவர். தன்மையாகப் பேசினார். வீட்டில் என்ன மொழி என்று கேட்டார். வீட்டில் தமிழ், தெருவில் பர்மியம், பக்கத்து வீட்டு டிவியில் இந்திப் படம் என்று வடிவேல் சொன்னான்.

"அதுதான் விஷயம்" என்றார் டாக்டர், சிரித்துக்கொண்டே. "சின்னத் தலை. மூன்று மொழியைத் திணித்தால் அடைத்துக்கொள்ளாதா? ஒன்றே ஒன்று பேசுங்கள். எதை விடுவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இருப்பது பர்மாவில்."

ஒரு சத்து மருந்து எழுதிக் கொடுத்தார். அந்தச் சிரிப்பை அம்சவேணி பிறகு மறக்கவே இல்லை.

அன்று சாயங்காலமே வீட்டில் சட்டம் வந்துவிட்டது.

"இனிமே வீட்டுல தமிழ் கெடையாது" என்றான் வடிவேல்.

"எனக்கு வராதேங்க."

"பழகிக்க. எம் புள்ள நாளைக்கிப் பள்ளிக்கூடத்துல கலான்னு பேரு வாங்கக்கூடாது. நான் வாங்குனது போதும்."

ரெங்கசாமி வந்து அதை வழிமொழிந்தார். "எம் பிள்ளைங்களப் பாரு. பர்மியத்துல பொளந்து கட்டுறாங்க."

"ஆமா. கோயில்ல சாமி பாட்டப் பர்மிய எழுத்துல எழுதி வச்சுப் பாடுறாங்க. பொருள் கேட்டா முழிக்கிறாங்க" என்றாள் அம்சவேணி.

"இந்த வாய்தான்டா புள்ளைக்கு வரவேண்டிய பேச்சையும் சேத்துத் தின்னுருச்சு" என்றார் அவர், தம்பியிடம்.

அம்சவேணி வாயை மூடினாள். பிள்ளை பேச வேண்டும் என்பதற்காக மூடினாள். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் எதிர்த்திருப்பாள். உன் பேச்சுதான் பிள்ளைக்கு நஞ்சு என்று சொன்னபோது பயந்துவிட்டாள்.

பர்மியத்தில் அவளுக்கு மகனிடம் பேச நாலு சொல்தான் இருந்தது. லா என்றால் வா. சா என்றால் சாப்பிடு. தைங் என்றால் உட்கார். மலௌநெ என்றால் செய்யாதே. வா, சாப்பிடு, உட்கார், செய்யாதே. மனிதர்கள் நாயிடம்கூட இதைவிட அதிகம் பேசுவார்கள். சந்தையில் பேரம் பேசத் தெரிந்தவளுக்குப் பிள்ளையைக் கொஞ்சத் தெரியவில்லை. "என் கட்டித் தங்கமே" என்பதைப் பர்மியத்தில் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்கவும் வெட்கமாக இருந்தது. குளிப்பாட்டும்போது பேசுவதில்லை. சோறு பிசையும்போது பேசுவதில்லை. கிட்டங்கியில் உமியை ஊதினாள்; ஆனால் "பறந்துபோச்சு" என்று சொல்லவில்லை. மூர்த்தி முதலில் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதையும் விட்டுவிட்டான். "பந்துச்சு" எப்போது கடைசியாக வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. போகும்போது அது சொல்லிவிட்டுப் போகவில்லை.

ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வந்தது. பிள்ளைக்கு நாலு வயது நடந்தது. பர்மியமும் வரவில்லை.

வகுப்பைப் பற்றிச் சொன்னது ராமலெட்சுமிதான். "க்யிம்யிண்டைங் சந்தைக்குப் பின்னால ஒரு மாடி வீட்டுல, டோ கின் மியான்னு ஒரு ஸயாமா, டீச்சரம்மா, இருக்காங்களாம். அவங்க மகனும் நம்ம மூர்த்தி மாதிரியேதானாம். இப்படிப் புள்ளைங்கள உக்கார வச்சுச் சொல்லிக் குடுக்குறாங்க. எண்ணி அஞ்சாறு புள்ளதான். இப்ப ஒரு எடம் காலியாம். போய்ப் பிடி."

வடிவேல் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தான். முதலில் பிள்ளையைச் சோதித்துப் பார்ப்பார்கள், அப்புறம்தான் சேர்ப்பார்கள். இன்னொரு குடும்பமும் அதே இடத்துக்குக் கேட்டிருக்கிறது. சொல்லிவிட்டு அவன் மனைவியைப் பார்த்தான்.

"வீட்டுல பர்மியம்தான்னு சொல்லியிருக்கேன். தமிழ்னா சேக்க மாட்டாங்க. அங்க எல்லாம் பர்மியம்தான். நீ வாயத் தொறக்காத. ஒரு வார்த்தை பேசுனாப் போதும், சவுத்தான் வயக்காடு தெரிஞ்சுரும்."

"சோதனை புள்ளைக்கா, எனக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்னு வச்சுக்க."

மாடி அறையில் சன்னலோரம் ஒரு பாய். பாயில் ஒரு பொம்மை, ஒரு கிண்ணம், சில மரக்கட்டைகள், ஒரு தட்டில் பயறு. டோ கின் மியா நடு வயதுக்காரர். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசியிருந்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தார். அவர் அந்த டாக்டர்களைப் போல அவசரப்படவில்லை. மூர்த்தி அறை முழுவதையும் சுற்றி முடிக்கும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"வின் நைங்" என்று கூப்பிட்டார். கொஞ்சம் விட்டு மறுபடியும் கூப்பிட்டார். அவன் மின்விசிறியைப் பார்த்தான். கரண்ட் இல்லாததால் அது நின்றிருந்தது. பொம்மையைக் காட்டி, பொம்மைக்குப் பசிக்கிறது, சோறு ஊட்டு என்றார். சன்னலைக் காட்டி, அதோ காகம் என்றார். செருப்பு எங்கே என்றார். எல்லாம் பர்மியத்தில். மூர்த்தி ஒன்றையும் கேட்டதாகக் காட்டவில்லை. ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் டோ கின் மியா மடியில் இருந்த தாளில் ஏதோ குறித்தார். அம்சவேணி அந்தப் பென்சிலையே பார்த்தாள். ஒவ்வொரு குறிப்பும் தன் பிள்ளையின் தலையில் விழும் பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. பொய்ப் பேர். பொய்ப் பாஷை. காது டாக்டரிடம் நடந்த அதே கூத்து. அன்றைக்கு டாக்டர் நடத்தினார். இன்றைக்கு அவர்களே நடத்துகிறார்கள்.

"அம்மா கூப்பிட்டுப் பாருங்கள்" என்றார் டோ கின் மியா.

"லா" என்றாள் அம்சவேணி.

"வீட்டில் பேசுவது போலவே பேசுங்கள்."

வடிவேல் முந்திக்கொண்டான். "வீட்டுல இப்படித்தான், ஸயாமா. அவ பேச்சு கொறைவு."

"நான் அவங்களக் கேட்டேன்" என்றார் அவர்.

"லா" என்றாள் மறுபடியும். மூர்த்தி சுவரோரமாக நடந்துகொண்டிருந்தான். டோ கின் மியா பென்சிலை எடுத்தார்.

"எழுதாதே!" என்றாள் அம்சவேணி.

சந்தையில் தராசை ஏமாற்றும் வியாபாரியைப் பார்த்துக் கத்துகிற குரல் அது. அந்தப் பர்மியம்தான் அவளுக்குத் தெரியும். "எழுதாதே! எல்லாம் பொய். பேரு வின் நைங் இல்ல. மூர்த்தி. வீட்டுல பர்மியம் இல்ல. எனக்குப் பர்மியம் வராது. நான் தமிழ். இவரும் தமிழ்."

"அம்சா!" என்றான் வடிவேல்.

"நீங்க சும்மா இருங்க!" என்று அவனிடம் தமிழில் சொன்னாள். "ஒங்க வெக்கத்துக்கு எம் புள்ளையப் பலி குடுத்தது போதும்."

அவள் பயறுத் தட்டை இரண்டு கையாலும் எடுத்தாள். சுளகைப் போலவே ஒரு தட்டுத் தட்டினாள். "மூர்த்தி! ஊதப்போறேன்டா... ஊதப்போறேன்... ஊ...!"

அவன் பேருக்குத் திரும்பவில்லை. தட்டு எழுப்பிய சத்தத்துக்குத் திரும்பினான். "ஊதப்போறேன்" என்றதும் நேராக வந்தான். அவள் வேண்டுமென்றே ஊதாமல் கன்னத்தை உப்பிக்கொண்டு இருந்தாள். மூர்த்தி தாயின் தாடையைப் பிடித்து அவள் வாயைத் தட்டின் பக்கம் திருப்பினான். ஊது என்று கேட்டான், சொல்லில்லாமல்.

டோ கின் மியா தாளைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னும் ஏதாவது கேளுங்கள்."

"செருப்பு எங்கடா? வெளிய போவோமா? செருப்பு எடு."

மூர்த்தி கதவருகே போய்த் தன் செருப்பின் மேல் காலை வைத்து நின்றான்.

டோ கின் மியா அந்தத் தாளைக் கசக்கிவிட்டு வேறு தாள் எடுத்தார். முதலிலிருந்து எல்லாவற்றையும் அம்சவேணியைக் கொண்டு தமிழில் கேட்கச் சொன்னார். பொம்மைக்கு அவன் தமிழிலும் சோறு ஊட்டவில்லை. காகத்தைக் காட்டினால் தமிழிலும் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்ததும் அவர் நிதானமாகச் சொன்னார். புரியாத இடங்களை வடிவேல் தலையைக் குனிந்தபடி தமிழில் சொல்லிக் கொடுத்தான்.

காதில் குறை இல்லை, நாக்கிலும் இல்லை. இதற்கு ஆட்டிசம் என்று பேர். பிறரோடு பார்த்து, காட்டி, பேசிப் பழகும் வழி இந்தப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே வேறு மாதிரி அமைந்துவிடுகிறது. மருந்து கிடையாது. சொல்லிக் கொடுக்கலாம், மெல்ல வரும். எவ்வளவு வரும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

சீக்கிரம் என்ற சொல் அம்சவேணியைச் சுட்டது.

"தமிழை யார் நிறுத்தச் சொன்னது?"

"டாக்டர்."

டோ கின் மியா கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு பாஷை பேசுறதால இது வராது. ஒண்ண நிறுத்துனாப் போகவும் போகாது. நீங்க எந்தப் பாஷையில சண்டை போடுவீங்களோ அந்தப் பாஷையில புள்ளைகிட்டப் பேசுங்க."

"அவன் பேசுன பேச்சு... அதுனாலதான் போச்சா?"

"தெரியாது. இந்தப் புள்ளைகள்ல சில பேருக்கு வந்த சொல்லு தானாவே போயிரும். எம் மகனுக்கும் போச்சு. ஆனா அதுக்காக நீங்க வாய மூடியிருக்க வேண்டியதில்ல."

பிறகு அவர் வடிவேலைப் பார்த்தார். "எனக்குத் தமிழ் தெரியாது. இன்னொரு குடும்பம் பர்மியக் குடும்பம். அந்தப் புள்ளையச் சேத்தா எனக்கு வேலை சுலபம். நீங்க என்கிட்ட உண்மையச் சொல்லவும் இல்ல."

வடிவேல் பயந்தது அப்படியே முன்னால் வந்து நின்றது. அம்சவேணி எழுந்திருக்கவில்லை. பாயில் உட்கார்ந்தபடியே தனக்கு வந்த பர்மியத்தைத் திரட்டினாள்.

"நான் வரும். தினம் காலையில வரும். நீ சொல்லு, நான் தமிழ்ல சொல்லும். எம் புள்ளைக்கு மட்டும் இல்ல, எல்லாப் புள்ளைக்கும் கைகால் கழுவும், கூட்டும். எடம் குடு. குடுக்காட்டா நான் இங்கயே உக்காரும்."

டோ கின் மியா கண்ணாடியை மறுபடியும் மாட்டினார். "பேரம் நல்லாப் பேசுறீங்க" என்றார். "ஒரு மாசம் பாப்போம். நீங்க ஒரு காலை வராட்டாலும் அந்த இடம் அவங்களுக்கு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் வடிவேல் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "வெளி மனுசங்க முன்னால என்னப் பொய்யனாக்கிட்ட."

"நான் ஆக்கலங்க. நீங்க ஆயித்தான் போனீங்க."

"மெதுவாப் பேசு. பஸ்ஸுல எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்!" அவள் குரலை இன்னும் ஏற்றினாள். "எம் புள்ளகிட்டப் பேசாமக் கெடந்தேன். இனி எவன் பாத்தாலும் பேசுவேன். கலான்னு சொல்றவன் சொல்லட்டும். என் மகன் அதத் திருப்பிச் சொன்னாக்கூட நான் சந்தோசப்படுவேன், ஒரு சொல்லு வந்துச்சேன்னு!"

வடிவேல் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

கிட்டங்கிக் கணக்குப் பிள்ளை பர்கத்துல்லா அரை நாள் வேலைக்கு முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் மத்தியானம் வந்து, மற்றவர்கள் ஒரு நாளில் புடைப்பதை இருட்டுவதற்குள் புடைத்துக் காட்டினாள். "இந்தக் கோவம் ஒனக்கு எறங்கவே வேண்டாம்மா" என்றார் அவர்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அவள் அந்தக் குழந்தை டாக்டரிடம் போனாள். காத்திருந்து உள்ளே போனாள். அவருக்கு அவளை நினைவில்லை. அதே தன்மையோடு சிரித்தார். சந்தைப் பர்மியத்தில் தொடங்கப் பார்த்தாள். கோபத்துக்கு அது போதவில்லை. தமிழுக்கு மாறினாள். நீங்க ஒரு வார்த்தையில எங்க வீட்டை ஊமையாக்கிட்டீங்க, எம் புள்ளையப் பாக்காம எம் பாஷையப் பாத்து வைத்தியம் பண்ணுனீங்க, உங்க பேரப்பிள்ளைகிட்டப் பேசாதீங்கன்னு யாராவது உங்களுக்குச் சொன்னா கேப்பீங்களா, என்று கேட்டாள். ஒரு சொல்கூட அவருக்குப் புரியவில்லை. நர்ஸிடம் ஏதோ கேட்டார். நர்ஸ் வெளியே அவள் பின்னாலேயே வந்து, அதே சத்து மருந்துச் சீட்டைக் கையில் திணித்தாள். அம்சவேணி அதைக் கிழித்து அங்கேயே சாக்கடையில் போட்டாள். அந்தக் கோபம் அப்படியே கிடந்தது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் இடமில்லை என்பதுதான் அதைவிடப் பெரிய கோபம்.

வகுப்பு சுலபமாக இல்லை. ஒரு மாதக் கெடு முடிந்த அன்று டோ கின் மியா அதைப் பற்றிப் பேசவே இல்லை, அம்சவேணியும் கேட்கவில்லை, மறுநாள் போய்ப் பாயை விரித்தாள். வேண்டியதைச் சட்டென்று கொடுத்துவிடக்கூடாது, கேட்க இடம் விட வேண்டும் என்று டோ கின் மியா சொல்லிக் கொடுத்தார். ஒரு சொல், பிறகு காத்திருப்பது. "ஊதவா?" என்று கேட்டுக் கன்னத்தை உப்பிக்கொண்டு காத்திருப்பாள். கன்னம் வலிக்கும். மூர்த்தி அவள் வாயைப் பார்ப்பான், விலகுவான், மறுபடியும் வந்து பார்ப்பான். சில நாள் அவளைக் கடித்தான். சில நாள் வகுப்பு முழுவதும் மேசைக்கடியில் கிடந்தான். வீட்டில் அவள் தமிழில் பேசினாள், குளிக்கும்போது, பிசையும்போது, திட்டும்போது. வடிவேல் மட்டும் மகனிடம் பர்மியத்திலேயே பேசினான். அவளிடம் அதிகம் பேசவே இல்லை. ரெங்கசாமி ஒருநாள் வந்து, முதல் நாக்கு எடை குறைவு, இன்னொன்று செய்யலாம் என்றார்.

"செய்யுங்க, பெரியத்தான். இந்தத் தடவை ஒரு காதும் சேத்துச் செய்யுங்க. புள்ளைக்கில்ல, ஒங்களுக்கு" என்றாள். அவர் அதன்பிறகு அந்த வாசற்படியை மிதிக்கவில்லை.

மழை விட்டு வெயில் ஏறியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வடிவேலுக்கு வேலை இல்லை. அம்சவேணி அடுப்பில் இருந்தாள். வடிவேல் தரையில் உட்கார்ந்து மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். மூர்த்தி பயறு வரிசை வைத்துக்கொண்டிருந்தான்.

"சா" என்றான் வடிவேல். மூர்த்தி முகத்தைத் திருப்பினான். "சா, சா." கவளம் பின்னாலேயே போனது. "சாடா!" வடிவேலின் முழங்கால் பட்டு வரிசை கலைந்தது.

மூர்த்தி தகப்பனின் கையைத் தட்டிவிட்டான். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க, முழுக் கோபத்தோடு சொன்னான்.

"வேணாம்!"

சோறு தரையில் சிதறியது. அம்சவேணி அடுப்பை விட்டு எழுந்தாள். வடிவேல் கையில் ஒட்டியிருந்த பருக்கையோடு அப்படியே இருந்தான். தான் கேட்டது சரிதானா என்று பார்க்க, இன்னொரு கவளம் எடுத்து நீட்டினான்.

"வேணாம்! வேணாம்!"

தாயின் சொல், தாயின் கோபம். பஸ்ஸிலும் அடுப்படியிலும் அந்தப் பிள்ளை அதிகம் கேட்ட சொல் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

வடிவேல் மனைவியைப் பார்த்தான். அவன் கண் நிறைந்திருந்தது. அவளுக்கு அதைக் கண்டு இளகத் தோன்றவில்லை. வாயை மூடிக் கிடந்த அந்த இரண்டு மழைக்காலமும் நெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தன.

"என்னையப் பாக்காதீங்க" என்றாள். "அவன் பதில் சொல்லிட்டான். இப்ப நீங்க கேளுங்க. அவனுக்குப் புரியிற பாஷையில கேளுங்க."

வடிவேல் கலைந்த பயறுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். வரிசை எங்கே விட்டது என்று தெரியாமல் தடுமாறினான். பிறகு, பள்ளிக்கூடத்துப் பின்பெஞ்சு இன்னும் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

"வேற என்னடா வேணும் ஒனக்கு?"

"சத்தமாக் கேளுங்க" என்றாள் அம்சவேணி.

அவன் சத்தமாகக் கேட்டான்.